டில்லி ஒரு படத்தைப் பாராட்டினான்

1

டில்லி சாகப்போகிறான் என்று நான் நம்பினேன். பேச்சுக்காகச் சொல்லவில்லை. விடுப்பு எழுதிக் கொடுத்து, விமானச் சீட்டு வாங்கி, எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு வெள்ளைச் சட்டையைத் தனியாக மடித்துப் பெட்டியின் அடியில் வைக்கும் அளவுக்கு நம்பினேன். அதற்கு என்னிடம் இருந்த ஆதாரம் இதுதான்: அவன் ஒரு சினிமாவை நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டான்.

டில்லியைத் தெரியாதவர்கள் இந்த இடத்தில் சிரித்துக்கொள்ளலாம். தெரிந்தவர்கள் திருவொற்றியூரில் இருக்கிறார்கள். அவர்களும் சிரித்தார்கள், அது வேறு விஷயம்.

நாங்கள் ஒரே தெரு, ஒரே பள்ளிக்கூடம், ஒரே பெஞ்சு. எண்ணூர் ரோட்டில் இரும்பைக் காய்ச்சி அடிக்கும் ஒரு தொழிற்சாலையில் ஒன்றாகவே வேலைக்குச் சேர்ந்தோம். நான் கதவு சாத்திய அறைக்குள் வரைபடம் போட்டேன். அவன் வெளியே ராட்சதச் சுத்தியலுக்குப் பக்கத்தில் நின்றான். பிறகு நான் ஜெர்மனிக்கு வந்தேன். ஹாம்பர்க் துறைமுகத்தை ஒட்டிய ஓர் அலுவலகத்தில், மறுபடியும் கதவு சாத்திய அறைக்குள், மறுபடியும் வரைபடம். அவன் காட்டுப்பள்ளியில் கப்பல் கட்டும் இடத்தில் கிரேன்காரருக்குக் கை காட்டுகிறான். தூக்கு, இறக்கு, நிறுத்து எல்லாம் கையாலேயே. அங்கே இருக்கிற இரைச்சலில் யாரும் யாரோடும் பேசுவதில்லை.

சினிமா விஷயத்தில் எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. தண்டையார்பேட்டையில் படம் விட்டு வெளியே வந்தால், டீ கிளாஸ் கைக்கு வரும்வரை யாரும் படத்தைப் பற்றி வாயைத் திறக்கக்கூடாது. கிளாஸ் வந்ததும் ஒவ்வொருவனாகத் தீர்ப்புச் சொல்லவேண்டும். 'பார்க்கலாம்' என்று ஒருவன் சொல்லி, அதை நம்பி இன்னொருவன் போய் மாட்டிக்கொண்டால், சொன்னவனை ஒரு வாரம் முழுக்க 'டைரக்டர் சார்' என்றுதான் கூப்பிடவேண்டும். மீன் வாங்கும் இடத்தில், பஸ் ஸ்டாப்பில், பெண் பார்க்கப் போன வீட்டில்கூட. "வணக்கம் டைரக்டர் சார், அடுத்த படம் எப்போ சார்?" இந்த அவமானத்துக்குப் பயந்தே எங்கள் பக்கத்தில் பல நல்ல படங்கள் ஓடாமல் போயிருக்கலாம்.

இப்போது டீக்கடை வாட்ஸப்பில் இருக்கிறது. குழுவின் பெயர் 'இன்டர்வல்'. ஞாயிற்றுக்கிழமை ஆனால் அந்த வாரம் பார்த்த படத்தைப் பற்றி ஒவ்வொருவரும் குரல் பதிவு போடவேண்டும். வண்ணாரப்பேட்டையில் துணிக்கடை வைத்திருக்கும் பஷீர் படங்களைத் தூக்கத்தை வைத்து எடை போடுவான். "ஃபர்ஸ்ட் ஹாஃப் முச்சூடும் நல்ல தூக்கம். செகண்ட் ஹாஃப்ல குண்டு வெடிச்சு எயுப்பிட்டான், பேஜாரு." நான் போடுவது ஆய்வு. திரைக்கதை, கதாபாத்திரத்தின் உள்முரண், இன்றைய சமூகச் சூழல். சாப்பாடு ஆறிப்போகும்வரை பேசுவேன். டில்லி அதற்கு ஒரே வார்த்தையில் பதில் அடிப்பான்: 'மொக்க'.

2

ஒரு காலத்தில் டில்லிதான் எங்கள் தியேட்டர். படம் பார்க்க முடியாதவர்களுக்கு அவன் முழுப் படத்தையும் சொல்வான். வில்லன் குரலில் வில்லன் வசனம், அம்மா குரலில் அம்மா வசனம், இடையில் பின்னணி இசை. அழவேண்டிய இடத்தில் அவனே முதலில் அழுதுவிடுவான்.

அப்புறம் எப்போது என்று தெரியவில்லை, ஆள் கசந்துபோனான். எந்தப் படமும் பிடிக்கவில்லை. புதுப்படம் பிடிக்கவில்லை. டி.வி.யில் பழைய படம் போட்டால் அதுவும் பிடிக்கவில்லை. அவனுடைய தீர்ப்புகள் இப்படி இருக்கும்:

"ஹீரோ கன்டெய்னர் மேல சாஞ்சுகினு வீரமா நிக்கிறான். லாக்கு போடல மாமு. வுயுந்தா சட்னி."

"கதை எப்படிடா?"

"கதயா? நாலு பேரு வாய அசைக்கிறானுங்க. வேற இன்னா கீது."

உச்சபட்சப் பாராட்டு என்று ஒன்று அவன் வாயிலிருந்து இந்த வருடங்களில் வந்தது என்றால், அது "ஃபேன் ஓடுச்சு" என்பதுதான்.

நான் இதை எப்படி எடுத்துக்கொண்டேன் என்று சொன்னால் என் புத்திசாலித்தனம் விளங்கும். ரசனை முற்றிவிட்டது என்று எடுத்துக்கொண்டேன். பையன் காட்சி மொழிக்குப் போய்விட்டான், வசனத்தைத் தாண்டிவிட்டான் என்று நினைத்தேன். "இன்றைய நடிகர்கள் வெறும் வாயை அசைக்கிறார்கள்" என்பதை இங்குள்ள தமிழர் கூட்டம் ஒன்றில் என் சொந்தக் கருத்தாகவே பேசிக் கைதட்டலும் வாங்கினேன். ஒருமுறை அவன் குழுவில் கேட்டான்: "தமிழ்ப் படத்துக்கு அடியில தமிழ்லயே எயுத்து போட்டா இன்னா?" தமிழனுக்குத் தமிழில் எழுத்தா என்று நாங்கள் எல்லோரும் சிரித்தோம். பஷீர் அவனுக்கு 'புலவர்' என்று பட்டம் கொடுத்தான். 

எனக்கும் இங்கே சினிமா உண்டு. ஜெர்மனியில் எந்த நாட்டுப் படத்தையும் ஜெர்மனில் பேசவைத்துத்தான் திரையிடுவார்கள். ஜப்பான்காரனும் ஜெர்மன்தான் பேசுவான், டைனோசரும் ஜெர்மனில்தான் உறுமும். பக்கத்து மேசை ஜெர்மன்காரர் அவ்வப்போது என்னைக் கூட்டிக்கொண்டு போவார். மற்றவர்கள் சிரிக்கும்போது அரை விநாடி கழித்துச் சிரிப்பேன். வெளியே வந்ததும் அவர் எப்படி இருந்தது என்று கேட்பார். "ஒளி அமைப்பு பிரமாதம்" என்பேன். அலுவலகத்தில் எனக்குக் கலைக்கண் உண்டு என்று ஒரு பெயர்கூட இருக்கிறது. ஆனால் இந்த நாட்டு அரசாங்கம் என் கலைக்கண்ணை மதிப்பதில்லை. நிரந்தரக் குடியிருப்புக்கான மொழித் தேர்வில் எழுதுவது தேறும், படிப்பது தேறும், ஒலிபெருக்கியில் பேசுவதைக் கேட்டு விடை எழுதும் பகுதியில் ஒவ்வொரு முறையும் விழுவேன். அதனால் இத்தனை வருடம் கழித்தும் தற்காலிகக் குடியிருப்பு அட்டைதான்.

இதெல்லாம் என் கதை. டில்லியின் கதையோடு இதற்கு ஏதாவது சம்பந்தம் இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நான் ஆய்வாளன் அல்லவா.

3

அந்த ஞாயிற்றுக்கிழமை டில்லியின் குரல் பதிவு வந்தபோது நான் சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

"மாமு, ஒரு படம் பார்த்தேன். நல்லாகீது."

கத்தி நின்றது.

"ஒரு அப்பன். ரிட்டேர் ஆன கண்டக்டரு. ஒரு பொண்ணு. ரெண்டு பேரும் மொட்ட மாடில குந்திகினு பேசிகினே கீறாங்க. சண்ட இல்ல, பாட்டு இல்ல. பேச்சுதான். அயுதுட்டேன் மாமு. எல்லாரும் பாருங்க."

மறுபடியும் போட்டுக் கேட்டேன். என் மனைவி கோமதி ராயபுரத்துப் பெண். அடுப்பைப் பார்த்தபடியே கேட்டாள்: "யாரு, நம்ம டில்லிண்ணனா? நல்லாகீதுன்னா சொல்லுது?"

"அழுதுட்டேன்னு சொல்றான்."

"வயசாவுதில்ல."

"வயசானா இப்படி ஆகமாட்டான். வேற என்னமோ ஆயிருக்கு."

"வெங்காயத்த அறுங்க."

நான் அறுக்கவில்லை. போன் போட்டேன். எடுக்கவில்லை. டில்லி எப்போதுமே போன் எடுக்கமாட்டான். எழுதினால் பதில் வரும், குரலில் பேசி அனுப்புவான், ஆனால் போனை எடுத்துக் காதில் வைத்துப் பேசுவது என்பது பல வருடங்களாகக் கிடையாது. எனக்கு அது தெரியும். தெரிந்தும் அன்றைக்கு அவன் எடுக்காதது ஒரு புது அபசகுனமாகத் தெரிந்தது. பீதி வந்துவிட்டால் எனக்குப் பழைய விஷயங்கள் எல்லாம் புதிதாகிவிடும்.

மகள் இன்பா சோபாவில் படுத்துக்கொண்டு செல்போனில் ஏதோ படம் ஒன்றை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டுக்கொண்டிருந்தாள். அவள் தலைமுறை படம் பார்ப்பதில்லை, முடிக்கிறது. டில்லி சொன்ன படத்தை அவளையும் பார்க்கச் சொன்னேன். ஆங்கில எழுத்து போட்டு, அதே வேகத்தில், பல் துலக்கும் நேரத்தையும் சேர்த்துப் பார்த்து முடித்தாள்.

"எப்படிம்மா?"

"ஓகே."

"ஓகேன்னா?"

"ஸ்லோப்பா. பேசிட்டே இருக்காங்க. ஏன், ஒரு மெசேஜ் போடலாம் இல்ல?"

நானும் பார்த்தேன். மகள் சொன்னது சரிதான். இரண்டு பேர் மொட்டைமாடியில் உட்கார்ந்து, தாழ்ந்த குரலில், முழுப் படத்தையும் பேசித் தீர்க்கிறார்கள். கன்டெய்னர் இல்லை, லாரி இல்லை, வாய் மட்டும் அசைகிறது. டில்லியின் கணக்கில் தூக்கில் போடவேண்டிய படம். இதற்கு அவன் அழுதான் என்றால் ஒரே விளக்கம்தான் இருக்கமுடியும். போகிற காலத்தில் மனிதன் எல்லோரையும் மன்னிக்கிறான். டைரக்டர்களைக்கூட.

4

பஷீருக்குப் போன் செய்தேன்.

"டில்லிய பாத்தியாடா?"

"எங்க கடப் பக்கமே வர்ல மாமு. வேலைக்கும் லீவு போட்டுகீறானாம்."

"லீவா?"

"ஆமா. நீ ஏன் இப்டி மூச்சு வாங்கற?"

டில்லி லீவு போடமாட்டான். புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றின அன்றைக்குக்கூடப் போய்ப் பூட்டிய கேட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பியவன். அவன் மனைவி அமுதாவுக்குப் போன் அடித்தேன்.

"அண்ணா, ஆஸ்பத்திரில கீறோம். அப்பால பேசட்டா?"

"ஆஸ்பத்திரியா? என்னம்மா ஆச்சு?"

"ஒண்ணுமில்லண்ணா. டெஸ்ட்டு எடுத்துகினு கீறாங்க. யார்கிட்டயும் சொல்லாதன்னு சொல்லிகீறாரு. வெச்சுடறேன்."

இதற்குமேல் ஒரு மனிதனுக்கு என்ன ஆதாரம் வேண்டும்? ஒண்ணுமில்லை என்று சொன்னால் என்னமோ இருக்கிறது என்று அர்த்தம். யாரிடமும் சொல்லாதே என்றால் எல்லாம் முடிந்தது என்று அர்த்தம். நான் மருத்துவன் அல்ல, ஆனால் நிறைய தமிழ்ப் படம் பார்த்தவன். இருமல் வந்தால் கைக்குட்டையில் ரத்தம் இருக்கும், சிரித்துக்கொண்டே பேசினால் மூளையில் கட்டி இருக்கும். டில்லி எந்த வகை என்பதுதான் பாக்கி.

அடுத்த ஞாயிறு அவன் ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படத்தைப் பற்றிப் போட்டான். நாங்கள் சின்ன வயதில் தெருவில் திரை கட்டிப் போட்டபோது பார்த்தது. சில வருடம் முன்பு டி.வி.யில் போட்டபோது அதை 'நாஸ்தி' என்று சொன்னவன் அவனே.

"இன்னா வசனம் மாமு. அந்தம்மா கோர்ட்டுல நின்னு பேசுதே, ஒவ்வொரு எயுத்தும் மணி மாரி. நாமதான் சரியா கவனிக்கல."

பழையதை நினைக்கிறான், தவறைத் திருத்துகிறான். குறித்துக்கொண்டேன்.

அதற்கடுத்து வந்ததுதான் என்னைச் சாய்த்தது. எனக்கு மட்டும் தனியாக அனுப்பியிருந்தான். "மாமு, உன் குரலக் கேக்கணும் போல கீது."

முப்பது வருட நட்பில் அவன் என்னிடம் இப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. நான் ஜெர்மனிக்குக் கிளம்பின அன்றைக்கு அவன் சொன்னது "அங்க போயி குளிரில வெறைச்சுகினு சாவு" என்பதுதான். அதில் இருந்த பாசத்தை வைத்துக்கொண்டு இத்தனை காலம் ஓட்டிவிட்டேன். இப்போது வெளிப்படையாகவே குரல் கேட்கவேண்டுமாம்.

குளியலறைக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். தண்ணீருக்கும் இங்கே மீட்டர் ஓடும் என்பதால் கோமதி கதவைத் தட்டினாள்.

"போயிட்டு வந்துடுங்க," என்றாள். கிண்டல் இல்லாமல் சொன்னாள். அதனால் எனக்கு இன்னும் பயமாகிவிட்டது.

5

போவது என்று முடிவு செய்தால் போய்விட முடியுமா? என் தற்காலிக அட்டை அப்போதுதான் காலாவதியாகி, புதியது வந்துகொண்டிருந்தது. ஜெர்மனியில் 'வந்துகொண்டிருந்தது' என்றால் எங்கள் பக்கத்து 'வந்துகினே கீறேன்' மாதிரி. வீட்டைவிட்டே கிளம்பியிருக்காது. இடைக்காலத்துக்கு ஒரு சான்றிதழ் தருவார்கள். அதன் பெயரைத் தமிழில் சொன்னால் 'கற்பனைச் சான்றிதழ்' என்று வரும். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை, அரசாங்கம் உண்மையாகவே அதற்கு அப்படித்தான் பெயர் வைத்திருக்கிறது. நான் இந்த நாட்டில் சட்டப்படி இருப்பதாகக் கற்பனை செய்துகொள்ளலாம் என்று பொருள். வரைபடம் போடுகிறவனுக்குக் கற்பனை கஷ்டமில்லை. ஆனால் அதை வைத்துக்கொண்டு வெளியே போனால் திரும்ப உள்ளே விடுவார்களா என்று எனக்குச் சந்தேகம்.

அவசரம் என்று சொல்லி முன்பதிவு இல்லாமல் வெளிநாட்டவர் அலுவலகத்தில் போய் நின்றேன். அதிகாரி அம்மையார் கண்ணாடியைக் கீழே இறக்கிப் பார்த்தார். என்ன அவசரம் என்று கேட்டார். என் நெருங்கிய நண்பன் இறந்துகொண்டிருக்கிறான் என்று சொல்லவேண்டும். பதற்றத்தில் வினைச்சொல்லின் காலம் நழுவிவிட்டது. இறந்துவிட்டான் என்று சொல்லிவிட்டேன்.

அம்மையார் எழுந்து நின்றார். கை கொடுத்தார். இந்த அலுவலகத்தில் யாரும் எனக்குக் கை கொடுத்ததில்லை. கண்ணீர் வந்துவிட்டது, அது உண்மையான கண்ணீர். திருத்தலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் சரியான வினைச்சொல்லைத் தேடி எடுப்பதற்குள் அவர் அச்சடித்து, முத்திரை குத்தி, இதை வைத்துக்கொண்டு போய்வரலாம் என்று நீட்டிவிட்டார்.

"எப்படி நடந்தது?" என்று மெதுவாகக் கேட்டார்.

"ஒரு படம் பார்த்தான்," என்றேன்.

அவர் தலையை அசைத்துக்கொண்டார். ஜெர்மனியில் டில்லி அன்று காலையே காலமானான்.

6

பஷீர் விமான நிலையத்துக்கு வந்திருந்தான். காரில் ஏறியதும் என் முகத்தைப் பார்த்தான்.

"இன்னா மாமு, சாவு வூட்டுக்கு வந்த மாரி கீற."

"நீ அவன பாத்தியா?"

"நேத்து போனேன். படுத்துகினு டி.வி. பாத்துகினு கீறான். 'பஷீரு, மெல்ல பேசு'ங்கறான். அத்தோட நான் வந்துட்டேன்."

சத்தம் தாங்கவில்லை. மூளைதான் என்று முடிவு செய்தேன்.

எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் வழக்கம்போல ஊருக்கே சுவர் கட்டின மாதிரி நின்றிருந்தன. டிரைவர்கள் கீழே இறங்கிப் பாய் விரித்துச் சீட்டாடினார்கள். பஷீர் சந்து சந்தாக வளைத்துப் போனான். எங்கள் தெரு முனையில் திரும்பினதும் பார்த்தேன். ஷாமியானா போட்டிருந்தார்கள். வரிசையாக பிளாஸ்டிக் நாற்காலி.

"வண்டிய நிறுத்துடா."

இறங்கினேன். ஷாமியானாவுக்குக் கீழே ஒரு அம்மாள் வெற்றிலையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.  "எப்போம்மா?" என்று மட்டும் கேட்டேன்.

"நேத்து சாயங்காலம்தான் நைனா."

பஷீர் என் தோளைப் பிடித்துக்கொண்டான்.

"எங்க பேத்தி வயசுக்கு வந்துகீது. நீ யாரு வூட்டு ஆளு? இரு, சாப்ட்டுட்டுப் போ."

டில்லியின் வீடு மாடியில். நான் படி ஏறியதைப் படி ஏறியது என்று சொல்லமுடியாது. கதவு திறந்தே இருந்தது. டில்லி கைலியும் பனியனுமாக நாற்காலியில் உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்தான். என்னை மேலும் கீழும் பார்த்தான்.

"இன்னா மாமு, யாரு செத்தா?"

என் வாயிலிருந்து பல வருடப் பழக்கத்தில் பெருங்குரலாக வந்தது: "டேய், நீ நல்லாகீறியாடா?"

"கத்தாத மாமு. பக்கத்துலதான கீற."

அமுதா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "அய்ய, அண்ணன். சொல்லாம கொள்ளாம வந்துகீது," என்றாள்.

டில்லியிடம் கத்தாமல் பேசியதாக எனக்கு நினைவே இல்லை. எங்கள் தெருவே கத்தித்தான் பேசும், அது திருவொற்றியூர் மரியாதை என்று நினைத்திருந்தேன். நான் அவன் பக்கத்தில் போய் நின்றேன். அவன் தலையைத் திருப்பிய திருப்பில் காதுக்குப் பின்னால் ஒரு சின்னப் பொருள் தெரிந்தது. புளியங்கொட்டை நிறத்தில், புளியங்கொட்டை அளவில். அதிலிருந்து ஒரு மெல்லிய கம்பி காதுக்குள் போயிருந்தது. இன்னொரு காதிலும் அதேபோல.

"இன்னாடா இது?"

"தெரியுதில்ல, அப்பறம் இன்னா கேள்வி."

அமுதாதான் சொன்னாள். "டி.வி. சவுண்ட வெப்பாரு பாருண்ணா, மேல் வூட்டுக்காரங்க சண்டைக்கே வந்துட்டாங்க. 'நீங்க படம் பாக்கறீங்களா, எங்களுக்கும் சேர்த்து போடறீங்களா'ன்னு. மானம் போயி நான்தான் இஸ்துகினு போனேன். மெஷினு பயகற வரிக்கும் லீவு போடு, வாரா வாரம் டெஸ்ட்டுக்கு வான்னுட்டாங்க. டாக்டரு சொல்றாரு, இது இப்ப வந்தது இல்லம்மா, பத்து பதினஞ்சு வர்சமா கொறஞ்சுகினே வந்துகீது, இரும்பு கம்பெனில நின்னாரான்னு."

நான் கதவு சாத்திய அறைக்குள் வரைபடம் போட்ட அதே கம்பெனி. யாரும் என்னைப் பார்க்கவில்லை. நானே சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன்.

"ஏன்டா சொல்லல?"

"சொன்னா? படம் நல்லாகீதுன்னு சொன்னாலே ஒரு வாரம் டைரக்டர் சார்ன்றீங்க. காது கேக்கலன்னு சொன்னா ஆயுசுக்கும் இன்னான்னு கூப்டுவீங்க?"

பஷீர் வாயைத் திறந்தான். மூடிக்கொண்டான். அவன் ஒரு பட்டப்பெயரை விழுங்கியதை நான் அன்றைக்குத்தான் முதலில் பார்த்தேன்.

டில்லி முறுக்குத் தட்டை என் பக்கம் நகர்த்தினான். "டாக்டரு போட்டு வுட்டாரா, வூட்டுக்கு வந்து டி.வி.யப் போட்டேன். அந்தப் படம் ஓடிகினு இருந்துச்சு. அந்தப் பொண்ணு அப்பன்கிட்ட மெல்லமா பேசும் மாமு. காதுக்குள்ள சொல்ற மாரி. எனுக்குக் கேட்டுச்சு."

அவ்வளவுதான் சொன்னான். முறுக்கை உடைத்தான். உடைத்த சத்தத்துக்குத் தானே கொஞ்சம் திடுக்கிட்டான்.

 எனக்கு வேறு கவலை வந்துவிட்டது. "அப்போ என் வாய்ஸ் மெசேஜ்? இத்தன வர்சம் ஒவ்வொரு ஞாயித்துக்கெயமையும் போட்டேனே?"

"இர்ர்னு ஒரு சத்தம் வரும். நீதான்னு தெரியும்."

"மொக்கன்னு பதில் போட்டியே."

"உன்க்கு அது கரெக்டா இருக்கும்னு தோணிச்சு."

பஷீர் விழுங்கியதையெல்லாம் சேர்த்துச் சிரித்தான்.

"இப்போ ஒண்ணொண்ணா கேட்டுகினு வரேன் மாமு," என்றான் டில்லி. "மொத்ல இருந்து. அதான் உன் குரலக் கேக்கணும்னு போட்டேன், சும்மா போன்ல நேரா எப்டி கீதுன்னு பாக்கலாம்னு. நீ இன்னாடான்னா ஃப்ளைட் ஏறி வந்துகீற."

"கேட்டு? எப்படி இருக்கு?"

டில்லி யோசித்தான். டீக்கடையில் கிளாஸ் கைக்கு வந்ததும் யோசிப்பானே, அதே முகம்.

"மொக்கதான் மாமு. நீளம். பாதிய வெட்டிப் போட்டா நிக்கும்."

ஜெர்மனியில் அவன் இறந்துவிட்டான் என்ற செய்தியையும் சொன்னேன். "அங்கயா," என்றான், "பரவால்ல, நான் எங்க அங்க வரப்போறேன்."

7

அன்றைக்குச் சாயங்காலம் மூன்று பேரும் அந்தப் படத்தை மறுபடியும் பார்த்தோம். டி.வி. சத்தம் அவ்வளவு குறைவாக இருந்தது. எனக்கும் பஷீருக்கும் பாதி கேட்கவில்லை. சத்தத்தைக் கூட்டு என்று கேட்க எங்களுக்கு வெட்கமாக இருந்தது. டில்லி ஒவ்வொரு வசனத்துக்கும் முன்னால் எங்களைத் திரும்பிப் பார்த்து, "இப்ப சொல்லும் பாரு," என்று சொல்லிக்கொண்டிருந்தான். பஷீர் இடைவேளைக்கு முன்பே தூங்கிவிட்டான். அமுதா டீ கொண்டுவந்தாள். கிளாஸ் கைக்கு வந்ததும் நான் தீர்ப்பைச் சொன்னேன்.

"வணக்கம் டைரக்டர் சார்."

"போடா கய்தே."

இன்பாவிடம் விஷயத்தைச் சொல்லி, டில்லி மாமாவுக்கு ஏதாவது பேசி அனுப்பச் சொன்னேன். எழுதி அனுப்பட்டுமா என்று கேட்டாள். வேண்டாம், பேசு என்றேன். வெகு நேரம் கழித்து வந்தது. "மாமா, படம் நல்லா இருந்துச்சி. கொஞ்சம் ஸ்லோ. நான் திருப்பி நார்மல் ஸ்பீடுல பாத்தேன்." அவள் தமிழ் யாரோ ஜெர்மன்காரி பாடம் படிக்கிற மாதிரி இருந்தது. டில்லி அதைப் பலமுறை போட்டுக் கேட்டான். கடைசியில், "எல்லா எயுத்தும் புரிது," என்றான்.

வெள்ளைச் சட்டையை அந்தத் தெருமுனை விருந்துக்குப் போட்டுக்கொண்டு போனேன். பாயசம் நன்றாக இருந்தது.

நடந்தது இவ்வளவுதான். டில்லிக்குப் பல வருடங்களாகக் காது சரியாகக் கேட்கவில்லை. எங்களில் யாருக்கும் அது தெரியவில்லை. இப்போது மெஷின் வைத்திருக்கிறான். கேட்கிறது.